கிட்டங்கி முதல் குறுவளமையம் வரை: ஆசிரியருக்குத் தொழில் உறவுகள் ஏன் வேண்டும்?

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நூறு ஆண்டுகளுக்கு முன் 'கிட்டங்கி' என்று அழைக்கப்பட்ட கட்டடங்கள் இருந்தன. செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற நகரத்தார்கள் அங்கேதான் தொழில் செய்தார்கள், அங்கேயே தங்கினார்கள். ஒரே நீண்ட கூடத்தில் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் தரையில் அமர்ந்து எழுத ஒரு சிறிய மேசை, கணக்குப் புத்தகங்கள், பணமும் பத்திரமும் வைக்க ஒரு பெட்டி. அலுவலகம் என்பது அவ்வளவுதான். பக்கத்துப் பெட்டிக்காரர் தொழிலில் போட்டியாளர். ஆனால் கையில் பணம் குறைந்தால் கைமாற்றுக் கொடுப்பவரும், கடன் கேட்டு வந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்பவரும் அவர்தான்.

நம் பணியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். வகுப்பறைக் கதவு மூடியதும் ஆசிரியர் தனியாள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால், ஐந்து வகுப்புகளும் மற்றவர் பொறுப்பு. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே பட்டதாரி ஆசிரியர் என்பது சாதாரணம். தசமப் பெருக்கல் ஏன் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்று பேசிப் பார்க்க, அதே பாடம் எடுக்கும் இன்னொருவர் அந்த வளாகத்திலேயே இருக்க மாட்டார். பத்து ஆண்டுகள் பணியாற்றிய பின்னும் முதல் ஆண்டின் ஐயங்களே நீடிக்க இந்தத் தனிமை ஒரு காரணம்.

'தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சிபாரிசு என்ற சொல்தான் நினைவுக்கு வரும். அந்தக் கூச்சம் நல்லதே. அரசுப் பணியில் பதவி உயர்வு பணிமூப்பு, கல்வித்தகுதி, தேர்வு ஆகியவற்றால் முடிவாவது. ஆள் பிடித்து அல்ல. இங்கே பேசப்போவது வேறொன்று: ஒருவர் அறிந்தது மற்றவருக்கும் போய்ச் சேரும் வழி. அதை மிக விரிவாகக் கட்டி, அதனால் உயர்ந்து, அதன் குறையாலேயே அடியும் வாங்கிய ஒரு வரலாறு நம் காரைக்குடிப் பகுதியிலேயே இருக்கிறது.

நம்பிக்கை எப்படி மூலதனமானது?

நகரத்தார்களின் வட்டித் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா எனப் பரவியது. 1930-இல் வெளிவந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்த நாட்டில் மட்டும் சுமார் 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்ததாகக் கணக்கிட்டது. மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில், விவசாயி ஒருவர் ஒரு நாள் பயணத்தில் சென்று சேரும் தொலைவில் ஒரு நிறுவனமாவது இருந்தது. தந்தியும் கடிதமும் தவிர வேறு வசதியில்லாத காலத்தில் இது எப்படி நடந்தது?

முதலாவது, யார் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமங்கோவில், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவராக ஒவ்வொரு குடும்பமும் இருந்தது. திருமணம் ஆனதும் கோயிலில் 'புள்ளி' பதிவாகும். ரங்கூனில் ஒருவர் வாக்குத் தவறினால் அந்தச் செய்தி ஊரில் அவர் குடும்பத்தின் பெயரைத் தொடும்.

இரண்டாவது, ஒழுங்கான சந்திப்பு. போட்டியாளர்களாக இருந்தும் அவர்கள் ரங்கூன் போன்ற நகரங்களில் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான 'நடப்பு வட்டி'யை மாதந்தோறும் முடிவு செய்தார்கள். பேசுவதற்குக் குறித்த இடம், குறித்த நாள், குறித்த பொருள் மூன்றும் இருந்தன.

மூன்றாவது, எழுத்து. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு முறையாக எழுதப்பட்டு ஊரில் இருந்த முதலாளிக்கு வந்துகொண்டே இருந்தது. ஓர் ஊரில் எழுதிய உண்டியலுக்கு இன்னோர் ஊரில் பணம் கிடைத்தது. நம்பிக்கைக்கு அடியில் எப்போதும் ஒரு காகிதம் இருந்தது.

பெட்டியடிப் பையன் ஏஜெண்டு ஆனது எப்படி?

ஆசிரியர்களான நம்மை அதிகம் ஈர்க்க வேண்டியது அவர்களின் பயிற்சி முறை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்து, முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கு வரை மனக்கணக்காகப் போடப் பழகிய சிறுவன், 'பெட்டியடிப் பையன்' என்ற பெயரில் கடைக்குச் செல்வான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்துகொண்டே, கடன் கொடுப்பதையும் மறுப்பதையும் பார்ப்பான். அடுத்த நிலை 'அடுத்தாள்', உதவியாளராகக் கணக்கெழுதுபவர். அதற்கும் மேலே, முதலாளியின் சார்பில் முழுப் பொறுப்புடன் கடையை நடத்தும் ஏஜெண்டு. ஏஜெண்டின் பணிக்காலம் வழக்கமாக மூன்று ஆண்டுகள். சம்பளத்துடன் இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. காலம் முடிந்ததும் அடுத்தவரிடம் கணக்குடன் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். திறமையும் நாணயமும் உள்ள ஏஜெண்டுகள் பலர், பழைய முதலாளியின் பண உதவியுடனேயே தனிக்கடை தொடங்கினார்கள்.

இதில் நமக்குரிய செய்திகள் இரண்டு. ஒன்று, புதியவர் தனியாக விடப்படவில்லை. நம் பள்ளிக்குப் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியருக்கு முதல் நாளே வருகைப் பதிவேடும் வகுப்பும் கையில் கொடுக்கிறோம். அவர் ஓர் அனுபவமிக்க ஆசிரியரின் வகுப்பில் ஒரு வாரம் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்கிறோமா?

மற்றொன்று, ஒப்படைப்பு. மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்குச் செல்லும்போது சாவியும் பதிவேடுகளும் கைமாறுகின்றன. எந்தப் பிள்ளைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன, எந்தப் பிள்ளையின் வீட்டில் மாலையில் படிக்க இடமில்லை, எந்தப் பெற்றோரிடம் எப்படிப் பேசினால் பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வரும் என்பவை கைமாறுவதில்லை. புதியவர் அவற்றைக் கண்டறிவதற்குள் பாதி ஆண்டு போய்விடும். இரண்டு பக்கக் குறிப்பும், 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் சார்' என்ற ஒரு சொல்லும் அந்தப் பாதி ஆண்டை மிச்சப்படுத்தும். தொழில் உறவு என்பதன் முதல் படி இதுவே.

எப்போதாவது சந்திப்பவரால் வரும் பயன்

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகருக்கு அருகில், தெரிந்தவர் மூலம் புதிய வேலைக்குச் சென்றவர்களிடம், 'செய்தி சொன்னவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' என்று கேட்டார். வாரம் இருமுறையாவது சந்திப்பவர் என்று சொன்னோர் 16.7 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல், ஆனால் வாரம் இருமுறைக்குக் குறைவாகச் சந்திப்பவர் என்றோர் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் என்றோர் 27.8 விழுக்காடு. அதாவது, பயன்பட்ட செய்தி பெரும்பாலும் நெருங்கிய நண்பரிடமிருந்து வரவில்லை.

காரணம் எளிது. நாள்தோறும் நம்முடன் மதிய உணவு உண்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். சிங்கம்புணரியில் இருக்கும் கணக்கு ஆசிரியர் வேறு தலைமையாசிரியரின் கீழ், வேறு மாணவர்களிடையே பணியாற்றுபவர். அவருக்குத் தெரிந்தது நமக்குப் புதிது. ஒரு பயிற்சியில் இரண்டு நாள் அருகில் அமர்ந்து, தொலைபேசி எண் வாங்கிக்கொண்டு, பிறகு மறந்துபோன அந்த அறிமுகம்தான் பல நேரங்களில் நமக்குத் தேவையான வாசல்.

கிரனோவெட்டரின் ஆய்வு வேலை தேடுவோரைப் பற்றியது. அதை அப்படியே அரசுப் பள்ளிக்குப் பொருத்த முடியாது. ஆனால் பாடநூல் எழுதும் குழுவுக்கு ஆசிரியர்கள் தேவை, வட்டாரப் பயிற்சிக்குக் கருத்தாளர் தேவை, ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வுக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள் என்பன போன்ற செய்திகள் இதே வழியில்தான் பரவுகின்றன. விதிப்படி எல்லோருக்கும் திறந்திருக்கும் வாய்ப்பு, செய்தி போய்ச் சேர்ந்தவருக்கு மட்டுமே உண்மையில் திறந்திருக்கிறது.

வட்டம் வேலியானபோது

நகரத்தார் வரலாற்றை இங்கேயே நிறுத்தினால் அது பாதிக் கதை. அந்த உறவு வட்டம் பிறப்பால் அமைந்தது; வெளியாருக்கு அதில் இடமில்லை. தொழிலை நடத்திய வட்டத்தில் பெண்களுக்கும் பெரும்பாலும் இடமில்லை. உள்ளே இருந்தவர்களுக்கிடையே நம்பிக்கை இருந்தது. வெளியே இருந்த பர்மிய விவசாயியுடன் இருந்தது கடன் பத்திரம்.

1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்ததும் அந்த வேறுபாடு வெளிப்பட்டது. விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடகு நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலப்பங்கு, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. பணம் கொடுத்து வாங்கும் தொழில் செய்தவர்களுக்கு நிலம் ஒரு சுமை. நிலத்தை இழந்தவர்களுக்கோ அது தீராத கசப்பு. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. பர்மா விடுதலை பெற்ற 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தது.

ஆசிரியர் வட்டங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே சங்கத்தினர், ஒரே சமூகத்தினர் என்று சுருங்கிய குழு உள்ளே இருப்பவர்களுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதனுள் சுற்றும் செய்தி ஒன்றே, கருத்தும் ஒன்றே. வெளியே நிற்கும் புதிய ஆசிரியருக்கு அது மூடிய கதவு. மாலை ஆறு மணிக்குத் தேநீர்க் கடையில்தான் எல்லாம் பேசப்படுகிறது என்றால், நான்கரைப் பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு ஓட வேண்டிய ஆசிரியைகளுக்கு அந்த வட்டத்தில் இடமே இல்லை. எனவே சந்திப்பு பணி நேரத்துக்குள், எல்லோரும் வரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். இது வசதி பற்றியது மட்டுமன்று, நியாயம் பற்றியதும்கூட.

கதவைத் திறந்தவர்கள்

இதே மண்ணில் வட்டத்தைத் திறந்தவர்களும் உண்டு. கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் விடுத்த வேண்டுகோளை ஏற்று, 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். தொடர்ந்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தொழிலில் கிடைத்த அறிமுகங்களும் செல்வமும் ஒரு குடும்பத்துக்குள் நிற்காமல், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் நுழையக்கூடிய வாசல்களாயின.

சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் இன்னொரு வகை. ஆண்டுதோறும் பங்குனியில் விழா, நிறைவு நாள் கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் என்ற ஒழுங்கு அன்று முதல் தொடர்கிறது. தமிழாசிரியரும் வழக்கறிஞரும் வணிகரும் ஒரே மேடையில் பேசினார்கள். பார்த்துச் சென்றவர்கள் தத்தம் ஊர்களில் கம்பன் கழகங்களைத் தொடங்கினார்கள். ஒரு பொருளில் உண்மையான ஆர்வம், தவறாத நாள், யாரும் வரலாம் என்ற அழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அது வளர்ந்தது.

நம் கைக்கெட்டும் வட்டங்கள்

நமக்கென்று புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. குறுவளமையக் கூட்டம் இருக்கிறது. சுற்றுப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே அறையில் கூடும் அரிய வாய்ப்பு அது. வட்டார வளமையத்தில் ஆசிரியப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பல பள்ளிகளைப் பார்ப்பதால், 'இந்தச் சிக்கலை யார் தீர்த்திருக்கிறார்?' என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் செயலாய்வுக்கு வழிகாட்டுவோர் உள்ளனர். 1980 முதல் இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளில் பள்ளிக்கு வெளியே உள்ள ஆர்வலர்களைச் சந்திக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர்களும் முன்னாள் மாணவர்களும் நம் தொழில் உறவுகளே.

காரைக்குடிப் பகுதி ஆசிரியருக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு: அழகப்பா பல்கலைக்கழகமும் 'சிக்ரி'யும் பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ளன. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி மாணவர்களுக்குக் கதவு திறப்பது வழக்கம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அறிவியல் ஆசிரியர், அங்கே ஓர் ஆய்வாளரின் பெயரைக் குறித்துக்கொண்டு திரும்பினால், அரிமானப் பாடத்துக்கு அடுத்த ஆண்டு ஒரு விருந்தினர் கிடைப்பார்.

பேணுவதற்குச் சில வழக்கங்கள்

உறவைத் தொடங்குவது எளிது. அது வாடாமல் இருக்கச் சிறு சிறு வேலைகள் தேவை.

1. பேரேடு வையுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில், சந்தித்தவர் பெயர், பள்ளி, அவர் எதில் வல்லவர் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். 'பாட்டு மூலம் எழுத்துப் பயிற்சி. கல்லல் வட்டாரம்' என்ற குறிப்பு, வெறும் தொலைபேசி எண்ணைவிடப் பயனுள்ளது.

2. கேட்கும் முன் கொடுங்கள். நீங்கள் செய்து பலன் தந்த ஒரு செயல்தாளை அனுப்புங்கள். எந்த வகுப்பில், எத்தனை பிள்ளைகளிடம் செய்தீர்கள், எங்கே பலன் தரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறையையும் சொல்பவரின் பேச்சுக்கே அடுத்த முறை மதிப்பு இருக்கும்.

3. கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். 'கணக்குக்கு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்' என்பதற்கு யாரும் பதில் தரமாட்டார்கள். 'மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலில் நடுவில் பூஜ்யம் வந்தால் தடுமாறுகிறார்கள். நீங்கள் எப்படித் தொடங்குவீர்கள்?' என்று கேட்டால் அன்று மாலையே பதில் வரும்.

4. கிடைத்த உதவியின் விளைவைத் திருப்பிச் சொல்லுங்கள். 'நீங்கள் சொன்ன மணிச்சட்ட முறையைச் செய்தேன், 22 பேரில் 15 பேருக்குப் புரிந்தது' என்ற செய்தி நன்றியைவிட மேலானது. மற்றவரின் அனுபவமும் அதனால் வளர்கிறது. யார் யோசனையோ அவர் பெயரைச் சொல்லியே பிறரிடம் பகிருங்கள்.

5. குழுவை ஒழுங்காக வையுங்கள். காலை வணக்கப் படங்களும் சுற்றறிக்கைகளும் நிறைந்த வாட்ஸ்அப் குழுவில் நல்ல கேள்வி மூழ்கிவிடும். ஒரு பாடத்துக்கு, பதினைந்து பேருக்கு மிகாத குழு ஒன்று போதும். மாணவர்களின் முகம், பெயர், குடும்ப விவரம் அதில் வரக்கூடாது. விடைத்தாளைப் பகிர்வதானால் பெயரை மறைத்துவிடுங்கள்.

6. பருவத்துக்கு ஒருமுறை ஐந்தொகை பாருங்கள். இந்தப் பருவத்தில் யாரிடமிருந்து எதைக் கற்றேன், யாருக்கு எதைக் கொடுத்தேன், யாரிடம் பேசி ஓராண்டுக்கு மேலாகிறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பெயர்களில் இருவரை அந்த வாரமே அழையுங்கள்.

7. ஒரு புதியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் ஓரத்தில் தனியாக அமர்ந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அருகில் சென்று, 'எந்தப் பள்ளிம்மா? என்ன வகுப்பு எடுக்கிறீங்க?' என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

இவற்றால் பணியில் உயர்வு வருமா? தேர்வில் மதிப்பெண்ணோ பணிமூப்புப் பட்டியலில் இடமோ இவற்றால் மாறாது. ஆனால் உயர்கல்விக்கு வழிகாட்டி கிடைப்பார்; கருத்தாளராக அழைக்கும்போது சொல்ல நம்மிடம் விஷயம் இருக்கும்; தலைமையாசிரியராகப் பொறுப்பேற்கும் நாளில், இடிந்த சுற்றுச்சுவருக்கு யாரை அணுகுவது, இடைநின்ற பிள்ளையை எப்படி மீட்பது என்று கேட்க நான்கு பேர் இருப்பார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன் ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்தது மட்டுமல்லாமல், பலருக்குத் தெரிந்ததும் சேர்ந்து கிடைக்கும்.

அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்குப் போகும்போது பையில் இரண்டு பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்: உங்கள் வகுப்பில் பலன் தந்த ஒரு செயல்தாள், உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வி.